டியூட்டி முடிந்த பிறகும் இடுப்பில் துப்பாக்கி: அமெரிக்கப் போலீஸ், சிறை அதிகாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஷெரிஃப் ஆபீஸ், மாநிலச் சிறை, நகரப் போலீஸ் என்று வேலைக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது அங்கங்கே கண்ணில் படுகிறார்கள். அகாடமி முடித்து பேட்ஜ் கைக்கு வந்ததும் என்னிடம் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: “ஆன்ட்டி, டியூட்டி முடிஞ்சு வெளியே போகும்போதும் துப்பாக்கி வச்சுக்கலாமா?” வைத்துக்கொள்ளலாம், எந்தச் சட்டம் உங்களுக்கு அந்த உரிமையைத் தருகிறது என்று ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தால். தெரியாவிட்டால், தெரிகிற வரைக்கும் அதைப் பூட்டி வையுங்கள்.

நான் கலிஃபோர்னியாவின் சென்ட்ரல் வேலியில் ஒரு மாநிலச் சிறையில் அதிகாரியாக வேலை பார்த்தவள். பிறகு ரேஞ்சில் புதியவர்களுக்குச் சுடும் பயிற்சி கொடுத்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். சிறை அதிகாரிக்கு இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. உள்ளே நாம் எழுதிய ரிப்போர்ட்டால் தண்டனை நீண்டவர் ஒரு நாள் விடுதலை ஆகிறார். அவர் குடியிருப்பதும் நாம் குடியிருக்கும் அதே ஊராக இருக்கலாம். பெட்ரோல் போடும்போது பின்னாலிருந்து “சி.ஓ.!” (கரெக்‌ஷனல் ஆஃபீசர், சிறை அதிகாரி) என்று ஒரு குரல் கேட்டால், அது எங்கிருந்து வரும் பழக்கம் என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுவார்கள். எப்போதும் அப்படி இருப்பதில்லை. 2013 பிப்ரவரியில் போர்ட்டோ ரிக்கோவில், குவாய்நாபோ கூட்டாட்சிச் சிறையில் வேலை முடித்துக் காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த லெப்டினன்ட் ஓஸ்வால்டோ அல்பாராட்டியைச் சாலையிலேயே சுட்டுக் கொன்றார்கள். சிறைக்குள் கைபேசி கடத்தலை அவர் விடாமல் பிடித்துவந்தார் என்ற பகை. அவர் பெயரில் வந்த சட்டத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

உரிமை எந்த வழியில் வருகிறது

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் மாநிலச் சட்டம் உங்களைப் ‘பீஸ் ஆஃபீசர்’ (போலீஸ் அதிகாரம் உள்ள அதிகாரி) என்று வகைப்படுத்தி, பணி நேரத்துக்கு வெளியேயும் ஆயுதம் வைத்திருக்க அனுமதிப்பது. இரண்டாவது, நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம். நாங்கள் எல்லோரும் ‘லியோசா’ (LEOSA, சட்ட அமலாக்க அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம்) என்று சொல்வது அதைத்தான். பழைய ஆட்கள் மசோதா எண்ணை வைத்து ‘எச்.ஆர். 218’ என்பார்கள். மூன்றாவது, எந்தக் குடிமகனும் வாங்கக்கூடிய சாதாரண மறைத்து வைக்கும் பர்மிட். சரிபாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்போது பர்மிட்டே இல்லாமலும் வைத்துக்கொள்ளலாம்.

பலர் இரண்டாவதை மட்டும் கேள்விப்பட்டிருப்பார்கள். “லியோசா இருக்கு, அம்பது மாநிலத்துலயும் போகலாம்” என்று லாக்கர் ரூமில் யாரோ சொன்னது காதில் விழுந்திருக்கும். அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் உங்கள் மாநிலச் சட்டத்தில் உங்கள் பதவி எந்தப் பிரிவில் வருகிறது என்று பாருங்கள், ஏனென்றால் மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

எங்கள் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 830.5 பிரிவு மாநிலச் சிறை அதிகாரிகளையும் பரோல் அதிகாரிகளையும் பீஸ் ஆஃபீசர் என்கிறது. பணியில் இல்லாதபோதும் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதற்கு விலையும் அதே பிரிவில் இருக்கிறது: மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தத் துப்பாக்கியைச் சுட்டுத் தேற வேண்டும், தகுதியைக் காப்பாற்றிக்கொள்வது அந்தந்த அதிகாரியின் பொறுப்பு. “சார்ஜன்ட் என் பெயரை ஷெட்யூலில் போடவில்லை” என்று சொல்லித் தப்ப முடியாது. இப்போது சில பக்கம் தள்ளி 831ஆம் பிரிவுக்கு வாருங்கள். நகர, கவுண்ட்டி சிறைகளில் ‘கஸ்டோடியல் ஆஃபீசர்’ என்ற பெயரில் வேலை பார்ப்பவர் அரசு ஊழியர்தான், ஆனால் பீஸ் ஆஃபீசர் இல்லை. கைதியை இடம் மாற்றுவது, மருத்துவமனையில் காவல் காப்பது, சிறைக் கலவரத்தை அடக்குவது போன்ற வேலைகளுக்கு மேலதிகாரி உத்தரவிட்டால் ஒழிய, பணியிலேயே அவருக்குத் துப்பாக்கி உரிமை கிடையாது.

யோசித்துப் பாருங்கள். சீருடை ஏறக்குறைய ஒன்று, சாவிக்கொத்து ஒன்று, காவல் காப்பதும் அதே கைதிகளை. ஒருவர் வேலை முடிந்து ஆயுதத்தோடு கடைக்குப் போகலாம், இன்னொருவர் பர்மிட் இல்லாமல் அதையே செய்தால் குற்றம். பேட்ஜின் பளபளப்பில் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் சேர்ந்த முதல் வாரமே மனிதவளப் பிரிவிடம் உங்கள் பதவியின் சட்டப் பிரிவு எண்ணை எழுத்தில் வாங்கிவிடுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது. வாய்வார்த்தை எதற்கும் உதவாது.

லியோசா என்ன தருகிறது

2004 ஜூலை 22 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இதில் கையெழுத்திட்டார். கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில், பணியில் இருப்பவர்களுக்கு 926பி, ஓய்வு பெற்றவர்களுக்கு 926சி. 2010இலும் 2013இலும் திருத்தங்கள் வந்தன. தகுதியுள்ள அதிகாரி ஒருவர் மாநில, உள்ளூர்ச் சட்டங்கள் என்ன சொன்னாலும் மறைத்து வைத்த துப்பாக்கியோடு எந்த மாநிலத்துக்கும் போகலாம் என்பதுதான் இதன் சாரம். மறைத்து என்ற சொல் முக்கியம். வெளியே தெரியும்படி பெல்ட்டில் மாட்டிக்கொண்டு போவதற்கு இது துணை நிற்காது.

தகுதி என்று சட்டம் எதைச் சொல்கிறது? நீங்கள் அரசு அமைப்பின் ஊழியராக இருக்க வேண்டும். குற்றத்தைத் தடுப்பது, கண்டுபிடிப்பது, விசாரிப்பது, வழக்கு நடத்துவது அல்லது குற்றத்துக்காக ஒருவரைச் சிறையில் வைப்பது, இதில் ஒன்று உங்கள் வேலையாக இருக்க வேண்டும். கூடவே சட்டப்படி கைது செய்யும் அதிகாரம் உங்களுக்கு இருக்க வேண்டும். துறை உங்களுக்கு ஆயுத அனுமதி தந்திருக்க வேண்டும். துறை வைத்திருக்கும் சுடும் தேர்வில் முறையாகத் தேறியிருக்க வேண்டும். இடைநீக்கத்திலோ அதிகாரப் பறிப்பிலோ முடியக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை உங்கள்மேல் நிலுவையில் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் குடித்தோ வேறு போதையிலோ இருக்கக் கூடாது. கூட்டாட்சிச் சட்டம் ஆயுதம் வைத்திருக்கத் தடை விதித்தவராகவும் இருக்கக் கூடாது. இத்தனையும் இருந்து, துறை கொடுத்த புகைப்பட அடையாள அட்டையும் அந்த நேரத்தில் உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

இவற்றில் சிறை அதிகாரிகளைத் தடுக்கி விழவைப்பது கைது அதிகாரம்தான். சிறையில் வைப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும் வேலை என்பதைப் பார்த்துவிட்டு, “அப்போ நமக்கும் உண்டு” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்து வரும் ‘மேலும்’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் மாநிலச் சட்டம் உங்களுக்குக் கைது அதிகாரம் கொடுத்திருக்கிறதா? தப்பிய கைதியைப் பிடிக்கவா, பரோல் மீறியவரைப் பிடிக்கவா, வளாகத்துக்குள் மட்டுமா? அந்தப் பிரிவைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு அதிகாரம் இருந்தால் போதும் என்பது நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம். வாஷிங்டன் டி.சி. சிறைத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரிகள் சிலருக்கு, அவர்கள் சட்ட அமலாக்க அதிகாரிகளாக இருந்தார்கள் என்று சான்று தர அந்தத் துறை மறுத்தது. அவர்கள் தொடுத்த டியூபெர்ரி வழக்கில் டி.சி. வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் வழக்கைத் தொடர அனுமதித்தது. 2019இல் அவர்கள் பக்கமே தீர்ப்பும் சொன்னது. தெருவில் ரோந்து போகும் போலீஸ்காரருக்கு உள்ள முழு அதிகாரம் வேண்டியதில்லை, வரம்புக்குட்பட்ட சட்டபூர்வக் கைது அதிகாரமே போதும் என்பதுதான் அதில் நமக்கு உள்ள செய்தி. மனசுக்குத் தெம்பு தரும் தீர்ப்புதான். ஆனால் மற்ற வட்டாரங்களில் உள்ள நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. இல்லினாய் நெடுஞ்சாலையில் ராத்திரி பத்து மணிக்கு உங்களை நிறுத்தும் ட்ரூப்பர் (மாநிலப் போலீஸ்காரர்) அதைப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தனியார் கம்பெனி நடத்தும் சிறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் முதலாளி அரசு அமைப்பு இல்லை. நீங்கள் மூன்றாவது வழியில், குடிமகனுக்கான பர்மிட்டில்தான் போக வேண்டும்.

கூட்டாட்சிச் சிறை ஊழியர்களுக்கு அல்பாராட்டி பெயரில் வந்த பிரிவு இருக்கிறது. 2018 டிசம்பரில் நிறைவேறிய ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டத்தின் ஒரு பகுதி அது. லியோசா தகுதியுள்ள ஊழியர்கள் துப்பாக்கியை வைக்கப் பாதுகாப்பு வேலிக்கு வெளியே பூட்டுள்ள இடம் தர வேண்டும், அல்லது காரில் அங்கீகரிக்கப்பட்ட பெட்டியில் பூட்டி வைக்க அனுமதிக்க வேண்டும் என்று சிறைக் கண்காணிப்பாளர்களுக்கு அது உத்தரவிடுகிறது. அதற்கு முன்பு, வீட்டிலிருந்து சிறை வரைக்கும் உள்ள சாலையில் நிராயுதபாணியாகத்தான் போய்வர வேண்டியிருந்தது. மாநிலச் சிறைகளுக்கு அந்தந்த மாநில விதி. வண்டி நிறுத்துமிடம் சிறை வளாகத்துக்குள் வந்தால், காரில் மறந்து விட்ட துப்பாக்கியே உங்கள்மேல் கிரிமினல் வழக்காகலாம். கேட்டுத் தெளிந்துகொண்டு போங்கள்.

அட்டை

அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். படம் இருக்கிறதா, அரசு அமைப்பின் பெயர் இருக்கிறதா என்பதோடு விடாதீர்கள். உங்களைப் போலீஸ் அதிகாரி அல்லது சட்ட அமலாக்க அதிகாரி என்று அது சொல்கிறதா? 926பி கேட்பது அந்த அடையாளத்தைத்தான். ‘எம்ப்ளாயி’ என்றோ ‘டிபார்ட்மென்ட் ஸ்டாஃப்’ என்றோ மட்டும் போட்டிருக்கும் அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். கதவு திறக்க அது போதும், வேறு மாநிலத்தில் உங்களைக் காப்பாற்றப் போதாது. பேட்ஜும் அட்டைக்கு மாற்று ஆகாது. அட்டையில் சரியான சொல் இல்லையென்றால் புதிய அட்டை கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். அது வரும்வரை மாநில எல்லையைத் தாண்டாதீர்கள்.

உரிமை நழுவும் நேரங்கள்

ஒரு தடவை கிடைத்தால் ஓய்வு வரைக்கும் நிற்கும் என்று எண்ண வேண்டாம். அந்தந்த நிமிஷத்தில் எல்லா நிபந்தனையும் நிறைவேறியிருக்க வேண்டும்.

துறையிலிருந்து ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வருகிறது என்று வையுங்கள். விசாரணை முடியவில்லை, தண்டனை எதுவும் இல்லை, நீங்கள் வழக்கம்போல் வேலைக்குப் போகிறீர்கள். ஆனால் அந்த நடவடிக்கை இடைநீக்கத்தில் முடியக்கூடியதாக இருந்தால் லியோசா அன்றே உங்களை விட்டுப் போய்விட்டது. கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அதே துப்பாக்கியோடு வார இறுதியில் பக்கத்து மாநிலத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பினால், அங்கே நீங்கள் பர்மிட் இல்லாத ஒரு சாதாரண ஆள்.

குடி விஷயத்தில் சட்டம் ரத்தத்தில் இத்தனை சதவீதம் என்று எண் எதுவும் சொல்லவில்லை. ‘போதையின் பிடியில் இல்லாதவர்’ என்று மட்டும் சொல்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று பிறகு முடிவு செய்யப்போவது ஒரு வழக்கறிஞரோ ஜூரியோதான். என் விதி எளிது: குடிக்கப் போகிற இடத்துக்குத் துப்பாக்கி வராது. ஒரு பியர்கூடக் கிடையாது. மயக்கம் தரும் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் அதே கதைதான், பல் பிடுங்கிய அன்று கூட.

குடும்பச் சண்டை. நம் ஆட்கள் வெளியில் சொல்லவே கூசும் இதைத்தான் நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். குடும்ப வன்முறையில் சிறு குற்றமாகத் தண்டனை பெற்றிருந்தாலும், 1996இல் வந்த லாட்டன்பெர்க் திருத்தத்தின்படி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. இதில் போலீஸ்காரருக்கும் விலக்கு இல்லை, பணித் துப்பாக்கிக்கும் விலக்கு இல்லை. வேலையே போய்விடும். நீதிமன்றம் குடும்பப் பாதுகாப்பு உத்தரவு போட்டிருந்தால், அது நடப்பில் இருக்கும் வரை சொந்தத் துப்பாக்கியைத் தொட முடியாது. “சும்மா வாய்த்தகராறு, பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிட்டுட்டான்” என்று அலட்சியமாக விட்டுவிடாமல், அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள்.

துறையின் விதிகளும் தனியாக இருக்கின்றன. எந்த மாடல், எந்தத் தோட்டா, சொந்தத் துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டுமா என்றெல்லாம் துறை சொல்லும். மீறினால் சிறைக்குப் போகாமல் வேலையை மட்டும் இழக்கலாம்.

லியோசா நிற்கும் இடங்கள், நிற்காத இடங்கள்

இரண்டு விஷயத்தில் மாநிலச் சட்டத்தை லியோசா மீறாது. தனியார் தங்கள் இடத்தில் ஆயுதத்தைத் தடுக்க மாநிலச் சட்டம் அனுமதித்தால் அந்தத் தடை உங்களுக்கும்தான். ஸ்டேடியம், தீம் பார்க், மால் வாசலில் உள்ள போர்டைப் படியுங்கள். இரண்டாவது, மாநில அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமான கட்டடம், பூங்கா போன்ற இடங்கள். நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்குப் போனாலும், மாலையில் நகரப் பூங்காவில் நடக்கப் போனாலும் அந்த மாநிலம் என்ன சொல்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

லியோசா விலக்குவது மாநில, உள்ளூர்ச் சட்டங்களை மட்டும். கூட்டாட்சித் தடைகள் அப்படியே இருக்கின்றன. கூட்டாட்சி அலுவலகக் கட்டடங்களுக்குள் சொந்த வேலையாகத் துப்பாக்கியோடு போகக் கூடாது. அஞ்சலக விதி அதன் வண்டி நிறுத்துமிடத்தையும் சேர்த்தே பேசுகிறது. பார்சல் போடப் போகும் நாளில் இது நினைவில் இருக்கட்டும்.

பள்ளிக்கூடம்தான் யாரும் யோசிக்காத இடம். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். அதிகாரிகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது ‘பணி நிமித்தமாக’ இருக்கும்போதுதான். காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடப் போகும் நீங்கள் பணியில் இல்லை. அந்த மாநிலம் கொடுத்த பர்மிட் உள்ளவருக்கு இன்னொரு விலக்கு இருக்கிறது. அதனால் பேட்ஜ் இருந்தாலும் சொந்த மாநிலத்தின் சாதாரண பர்மிட்டையும் வாங்கி வையுங்கள் என்கிறேன். கொஞ்சம் பணமும் ஒரு சனிக்கிழமையும் செலவாகும். தினமும் பள்ளி வாசல் வரைக்கும் போகிறவருக்கு அதைவிட நல்ல காப்பு இல்லை. உங்களிடம் பர்மிட் இல்லாத வேறு மாநிலத்துக்குப் போனால், பள்ளிப் பக்கம் போகும் முன் தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில் வையுங்கள்.

மேகசின் (துப்பாக்கிக்குள் தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அளவைக் கவனியுங்கள். சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் சொல்கிறது, மேகசினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியாவில் வரம்பு 10 தோட்டா. அந்தப் பக்கம் போகும்போது பத்து தோட்டா மேகசினை மாட்டிக்கொண்டு போனால் தகராறே இல்லை. முனையில் குழியுள்ள, பட்டதும் விரியும் ஹாலோ பாயின்ட் தோட்டாவைப் பற்றி நியூ ஜெர்சியில் வெகு காலம் இழுபறி இருந்தது. ஓய்வு பெற்ற அதிகாரிகள் தொடுத்த வழக்கில் 2024இல் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் தடைக்கு மேலாக லியோசாவே நிற்கும் என்று சொல்லிவிட்டது. இயந்திரத் துப்பாக்கி, சைலன்சர் இரண்டும் லியோசாவுக்குள் வரவே வராது.

விமானத்தில் உடம்போடு எடுத்துப் போக லியோசா உதவாது. அதற்குப் பணி நிமித்தப் பயணமும் தனிப் பயிற்சியும் வேண்டும். விடுமுறைக்குப் போகிறவர் தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கெட்டியான பெட்டியில் பூட்டி, கவுன்டரில் அறிவித்து, செக்-இன் பெட்டியில் அனுப்ப வேண்டும். கைப்பையை அலசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாட்டு எல்லையில் எல்லாம் முடிந்துவிடும். பஃபலோ வழியாக டொராண்டோவில் உள்ள சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நயாகராவைத் தாண்டும்போது இடுப்பில் துப்பாக்கி இருந்தால் கனடாவில் கைதுதான், உங்கள் அட்டை அங்கே வெறும் பிளாஸ்டிக். தெற்கே சான் டியேகோ பக்கம் இன்னும் மோசம். ஐ-5 நெடுஞ்சாலையில் அமெரிக்காவின் கடைசி எக்ஸிட் என்று போர்டு வரும். அதைத் தவற விட்டால் திரும்ப இடமில்லை, நேராக மெக்சிகோ. ஆயுதத்தோடு அந்தப் பக்கம் போனால் அந்த போர்டுக்கு வெகு முன்பே வெளியே வந்துவிடுங்கள்.

உடம்பில் வைப்பது

ஹோல்ஸ்டர் ட்ரிக்கரை முழுக்க மூட வேண்டும். துணியில் தைத்த, தொளதொளவென்ற உறைகளை நான் ரேஞ்சுக்குள்ளேயே விடமாட்டேன். கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த உறையும், அதைத் தாங்கும் தடித்த பெல்ட்டும் வாங்குங்கள். துப்பாக்கியைத் திரும்ப உறையில் போடும்போது அவசரமே வேண்டாம். சட்டை நுனியோ ஜாக்கெட்டின் நாடாவோ ட்ரிக்கர் பக்கம் மாட்டிக்கொண்டு வெடித்த சம்பவங்கள் எல்லா ரேஞ்சிலும் பேசப்படும். சட்டையை இடது கையால் நன்றாக மேலே தூக்கிப் பிடித்து, குனிந்து உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்துச் சட்டகத்தின்மேல் நீட்டி வைத்து, மெதுவாக இறக்குங்கள்.

கழிவறை இன்னொன்று. அதிகாரிகள் துப்பாக்கியை மறந்துவிட்டு வருவது பெரும்பாலும் அங்கேதான். கதவுக் கொக்கியில் தொங்கவிடாதீர்கள், தாள் பெட்டியின்மேல் வைக்காதீர்கள். உறையிலிருந்து எடுக்கவே எடுக்காமல், பேன்ட்டோடு சேர்த்துக் கீழே இறக்கி, பெல்ட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்து முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி உள்பக்கமாக, உங்கள் கண்முன்னால் இருக்கும். எழுந்தால் அதுவும் கூடவே எழும், விட்டுவிட்டுப் போக வழியே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அது பெட்டிக்குள் போக வேண்டும். சொந்தக்காரர் குழந்தைகள் வந்து தங்கும் வீடுகளில் படுக்கை மேசை டிராயர் பாதுகாப்பான இடம் இல்லை. விரைவாகத் திறக்கும் பூட்டுப் பெட்டியைச் சுவரிலோ தரையிலோ முடுக்கி வையுங்கள்.

இன்னொரு போலீஸ் உங்களைப் பார்க்கும்போது

நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சீருடையில் இல்லாமல் கையில் துப்பாக்கியோடு நிற்கும் பழுப்புத் தோல்காரரை, ஓடி வரும் போலீஸ்காரர் முதலில் என்னவாகப் பார்ப்பார் என்று யோசியுங்கள். 2009 மே மாதம் ஹார்லெமில், பணி முடிந்து வந்த நியூயார்க் போலீஸ் அதிகாரி ஓமர் எட்வர்ட்ஸ் தன் கார் கண்ணாடியை உடைத்தவனைத் துப்பாக்கியோடு துரத்தினார். அவரைக் குற்றவாளி என்று நினைத்துச் சக அதிகாரியே சுட்டுக் கொன்றார். அதன் பிறகு நியூயார்க் மாநிலம் ஒரு குழு அமைத்து இத்தகைய சாவுகளை ஆராய்ந்தது. பணியில் இல்லாதபோது இப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் வம்சாவளியினர் என்று அது கண்டது. நம் நிறமும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

ஆகவே, உயிருக்கு ஆபத்து இல்லாத எதற்கும் துப்பாக்கியை எடுக்காதீர்கள். கார் கண்ணாடி உடைந்தால் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். லியோசா உங்களுக்கு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத்தான் தருகிறது, வேறு மாநிலத்தில் கைது செய்யும் அதிகாரத்தைத் தருவதில்லை. கடையில் திருட்டு நடந்தால் நல்ல சாட்சியாக இருங்கள், 911ஐக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது உங்கள் அடையாளத்தைச் சொல்லுங்கள்: பணியில் இல்லாத அதிகாரி, இந்த நிறச் சட்டை, இந்த உயரம், ஆயுதம் இருக்கிறது. வரும் போலீஸுக்கு அது ரேடியோவில் போய்ச் சேரும்.

எடுத்தே ஆக வேண்டி வந்துவிட்டால், ஆபத்து நீங்கிய உடனே உறையில் போட்டுவிடுங்கள். பின்னாலிருந்து “போலீஸ், அசையாதே!” என்ற குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். தலை திரும்பினால் தோளும் கையும் துப்பாக்கியும் கூடவே திரும்பும். அந்த அரை விநாடியில்தான் சுடுவார்கள். அப்படியே உறைந்து நின்று, “போலீஸ்! ஆஃப் டியூட்டி!” என்று உரக்கச் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள். கீழே போடச் சொன்னால் போடுங்கள், எத்தனை ஆயிரம் டாலருக்கு வாங்கியிருந்தாலும் சரி. தரையில் படுக்கச் சொன்னால் படுங்கள். பேட்ஜை எடுக்கப் பைக்குள் கை விடாதீர்கள். எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். இதைப் பேப்பரில் படித்தால் போதாது. கண்ணை மூடி, முதுகுக்குப் பின்னால் ஒருவரைக் கத்தச் சொல்லி, தலை திரும்பாமல் நிற்கப் பழகுங்கள். என் வகுப்பில் முதல் தடவை கிட்டத்தட்ட எல்லோருமே திரும்பிவிடுவார்கள்.

வண்டியை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டீயரிங்மேல், ராத்திரியென்றால் உள்விளக்கைப் போடுங்கள். ‘கன்’ என்ற சொல் முதலில் வர வேண்டாம். “நான் பணியில் இல்லாத சிறை அதிகாரி, அட்டை பின்பாக்கெட்டில் இருக்கிறது, ஆயுதம் வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சில மாநிலங்களில் கேட்காமலேயே சொல்ல வேண்டும் என்று சட்டம் உண்டு. இல்லாத மாநிலத்திலும் சொல்லிவிடுவது நல்லது.

யூனியனில் சட்ட உதவித் திட்டம் இருந்தால், பணி நேரத்துக்கு வெளியே நடப்பதை அது தாங்குமா என்று இன்றே கேளுங்கள். பல திட்டங்களில் அது தனிச் சந்தா.

ஓய்வுக்கு அப்புறம்

926சி-யின்படி நல்ல பெயரோடு வெளியேறியிருக்க வேண்டும், மொத்தம் 10 ஆண்டுப் பணி இருக்க வேண்டும். 2010 வரைக்கும் இது 15ஆக இருந்தது. பணியில் ஏற்பட்ட ஊனத்தால் விலகியவர்களுக்கு, தகுதிகாண் காலத்தை முடித்திருந்தாலே போதும். கைது அதிகார நிபந்தனை இங்கேயும் உண்டு. கடைசி வேலை நாளுக்கு முன்பே ஓய்வு அட்டைக்கான காகிதங்களை முடித்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு பழைய ஆபீஸில் கையெழுத்து வாங்குவது எவ்வளவு இழுக்கும் என்று கேட்டால் ஓய்வு பெற்றவர் யாரும் சொல்வார்.

அப்புறம் வருஷா வருஷம் சொந்தச் செலவில் சுட்டுத் தேற வேண்டும். பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கு உங்கள் மாநிலம் வைத்திருக்கும் அதே தரம். என்ன வகைத் துப்பாக்கியில் தேறினீர்களோ அதே வகையைத்தான் வைத்திருக்கலாம், எனவே வீட்டில் ரிவால்வரும் பிஸ்டலும் இருந்தால் இரண்டிலும் தேறுங்கள். சான்றிதழை அட்டையோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். தேதி முடிந்த மறுநாள் அந்தச் சான்றிதழ் செல்லாது, அதனால் பதினோராவது மாதமே ரேஞ்சில் நேரம் பதிந்துவிடுங்கள். தவறினால், மறுபடி தேறும்வரை துப்பாக்கி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.